டீல்காரர் விற்ற சோபா

அந்த வீட்டுத் தரகரை எல்லோரும் டீல்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடு கைமாறினால் டீல் முடிந்தது, மாறாவிட்டால் டீல் புட்டுக்கொண்டது. பல்வலி வந்தால்கூட, "அதை நான் டீல் பண்ணிக்கறேன்" என்று ஒரு கிராம்பைக் கடித்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். கூடவே வாழ்ந்ததில் மனைவிக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

மனைவியின் தம்பி வேலை மாற்றலாகிப் போனபோது, தன் சோபாவை அக்கா வீட்டு நடைவழியில் போட்டுவிட்டுப் போயிருந்தான். அதன்பின் சமையலறைக்குப் போக எல்லோரும் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்தார்கள். ஒருநாள் முழங்காலை இடித்துக்கொண்ட மனைவி சொன்னாள்:

"என் தம்பிகிட்ட எடுத்துட்டுப் போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. இந்த சோபாவை நீங்களே டீல் பண்ணுங்க."

தம்பியிடம் பேசச் சொல்கிறாள் என்பது அவருக்கு உறைக்கவே இல்லை. அன்று மாலைக்குள் சோபா தெருக்கோடி சலூனுக்குப் போய்விட்டது.

புது வீடு கிடைத்த சந்தோஷத்தில், சோபாவை எடுத்துப்போகத் தம்பி வந்து நின்றான். விஷயம் தெரிந்ததும் முகம் தொங்கிவிட்டது.

"உங்களை நம்பித்தானே மாமா போட்டுட்டுப் போனேன். இப்படி டீல்ல விட்டுட்டீங்களே."

"விடல மாப்ள. வித்தேன்."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். மூவரும் சலூனுக்குப் போனார்கள். சோபாவில் நான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் கத்தரியை நிறுத்தாமலே, "டீல்னா டீல்தான். நீங்க சொன்ன வார்த்தைதானே" என்றார்.

தரகர் வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்ப்பக்கம் நின்று பேரம் பேசினார்.

"சரி, சோபாவுக்குப் பதிலா மாப்ளைக்கு ஒரு வருஷம் இலவசமா முடி வெட்டிவிடுங்க."

தம்பி தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினான். சுற்றியிருந்த கண்ணாடிகளில் எல்லாம் அவன் வழுக்கைத் தலை பளபளத்தது. சவர நுரையோடு உட்கார்ந்திருந்தவர் சிரிப்பை அடக்கப் பார்த்து நுரையை விழுங்கினார்.

மனைவி முன்னால் வந்தாள். "எங்க வீட்ல நல்ல சாய்வு நாற்காலி ஒண்ணு இருக்குண்ணே. அதை எடுத்துக்கிட்டு சோபாவைக் குடுத்துடுங்க."

தரகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய மதியத் தூக்கமே அந்த நாற்காலிதான். அவர் வாயைத் திறப்பதற்குள், "நீங்க சும்மா இருங்க. இதை நான் டீல் பண்ணிட்டேன்" என்றாள்.

இப்போது சலூனில் இருக்கும் அந்த நாற்காலியில் உட்கார சவரத்துக்கு வந்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. அதனால் மதியம் சாப்பிட்டதும் தரகர் சவரத்துக்கென்று சலூனுக்குப் போய்விடுகிறார். முறை வந்ததும் எழுப்பினால், "எனக்கு அப்புறம் வந்தவரை முதல்ல பாருங்க" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்கிறார்.