ராகுகாலம் முடியும்வரை நின்ற கப்பல்

எண்பதுகளில், பாரிஸின் லா ஷப்பலில் நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், என் மாமா கட்டிய கப்பல் ஒன்று கரீபியன் கடலுக்குப் போனது. பார்சலில்தான் போனது. ஆனாலும் போனது போனதுதான்.

எங்கள் ரீச்சர் அந்தக் கரீபியன் கடலிலுள்ள குவாதலூப் தீவைச் சேர்ந்தவர். உலகத்துப் பெரிய பாய்க்கப்பல்கள் எல்லாம் கூடும் திருவிழா ஒன்று தன் ஊரில் நடக்கப்போவதாகச் சொன்னார். பிள்ளைகள் செய்த சின்னக் கப்பல்களுக்கும் அந்தத் துறைமுகத்தில் ஒரு மேசை போடுவார்களாம். எங்கள் வகுப்பிலிருந்து ஒரேயொரு கப்பலை அனுப்பலாம். சனிக்கிழமை காலை வில்லெத் கால்வாயில் எல்லாவற்றையும் மிதக்கவிட்டு, நன்றாக ஓடுவதை அவர் தெரிவுசெய்வார்.

அந்த ஒன்று என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று சோறு தின்னாமல் அடம்பிடித்தேன். எங்களோடு இருந்த மாமா, அம்மாவின் தம்பி, ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். ஆனால் எங்கள் ஊர் வல்வெட்டித்துறை, யாழ்ப்பாணத்தில் கப்பல் கட்டிப் பேர்போன ஊர். கப்பல் என்ற சொல் காதில் விழுந்ததும் மாமாவின் நடையே மாறிவிட்டது. ஃபொபூர் சேன்-தெனி வீதிக் கடையொன்றில் மாம்பழம் வந்த மரப்பெட்டிகள் வாங்கிவந்து, ஒரு கிழமையாக எங்கள் சாப்பாட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் நிலத்தில் குந்தியிருந்து சாப்பிட்டோம். இரண்டு பாய்மரம், வேட்டித் துணியில் பாய். பொய் சொல்லக்கூடாது, நான் பிடித்தது பசைப் போத்தல் மட்டும்.

சனிக்கிழமை மாமா லீவு போட்டுவிட்டுக் கால்வாய்க்கரைக்கு வந்தார். என் பெயரைக் கூப்பிட்டபோது பத்து மணி பத்து. மாமா கப்பலை நீட்டவில்லை, மணிக்கூட்டைப் பார்த்தார்.

"பத்தரை மட்டும் ராகுகாலம், பிள்ளை. புதுக் கப்பலை இப்ப தண்ணியிலை இறக்கேலாது. ரீச்சரிட்டைச் சொல்லு."

ராகுவுக்குப் பிரெஞ்சில் நான் எங்கே போவேன்? இப்போது வானத்தில் ஒரு கெட்ட பாம்பு நிற்கிறது, அது போகட்டுமாம் என்றேன். வகுப்பே சிரித்தது. என் மானம் கப்பலேறிவிட்டது. கப்பல்தான் இன்னும் மாமாவின் கையில் இருந்தது.

ரீச்சர் சிரிக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று மட்டும் கேட்டுவிட்டு, மற்றவர்களைத் தங்கள் கப்பல்களை விடச் சொன்னார். பால்பெட்டிக் கப்பல்கள் ஊறித் தாழ்ந்தன. பேக்கரிக்காரர் மகனின் பிளாஸ்ரிக் போத்தல் கப்பல் மட்டும் வாத்துப்போல மிதந்தது. அதையே அனுப்பலாம் என்று எல்லோரும் கத்தினார்கள். இன்னும் ஒன்று இருக்கிறது என்றார் ரீச்சர். மாமாவைத் தண்ணீருக்குள் தள்ளிவிடலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

பத்தரைக்கு மாமா பையிலிருந்து சந்தனம், குங்குமம், தேங்காய் எல்லாம் எடுத்தார். கப்பலின் முகப்பில் பொட்டு வைத்தார். அதைக் கண்டதும் ரீச்சர் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிர்ந்த கல்லில் வெறுங்காலோடு நின்றார். தேங்காய்த் தண்ணீர் தெறித்துச் சப்பாத்துப் பழுதாகிவிடும் என்று பயந்தாராக்கும் என நினைத்தேன். மாமா உடைத்து நீட்டிய பாதித் தேங்காயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பிறகு கப்பல் இறங்கியது. பாய் காற்றைப் பிடித்தது. அக்கரைவரை ஒரே ஓட்டம். அங்கே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் அதைத் தூக்கித் தந்தார். பேக்கரிக்காரர் மகனே கைதட்டினான். கரையில் போனவர் வந்தவருக்கெல்லாம் 'இவர் என் மாமா' என்று சொன்னேன். அன்று என்னைவிடப் பெருமைக்காரி பாரிஸில் இருந்திருக்கமாட்டாள். ரீச்சர் எங்கள் கப்பலைத்தான் எடுத்தார். பொட்டைத் துடைக்கவேண்டாம் என்றும் சொன்னார்.

நூறு வருஷத்துக்கு முன்னரே கரும்பு வெட்டக் காரைக்காலில் கப்பலேற்றப்பட்ட தமிழர்களின் வழிவந்தவர்கள் அந்தத் தீவில் இன்றும் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைக்கிறார்கள் என்று நான் அறிந்தது பெரியவளான பிறகு. அன்று வீடு திரும்பும்போது மாமாதான் கேட்டார்.

"ரீச்சர் எந்த ஊர்?"

"குவாதலூப்."

"அதுக்கு முன்னம்?"

"அதுக்கு முன்னம் ஒண்டுமில்லை மாமா. அது தீவு. சுத்திவரக் கடல்தான்" என்றேன், புவியியலில் பத்துக்கு ஒன்பது எடுத்த பெருமையோடு.