தசை உடைந்து வந்தவர்கள்

பதினெட்டு வருசமாகத் திருகோணமலை ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறேன். இதே வேலையில் கிடந்து அல்லாடுகிற உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: இரத்தம் ஒழுக வருகிறவரைவிட, உடம்பு உளைவு என்று மட்டும் சொல்லி நடந்து வருகிறவர்தான் நம்மைப் பதற வைப்பார்.

மாவு மூட்டை

அன்புவழிபுரத்து யோகநாதன் ஆறு மாதம் வேலையில்லாமல் இருந்துவிட்டு, துறைமுகத்தில் கொளுத்தும் வெயிலில் நாள் முழுக்க மாவு மூட்டை இறக்கினவர். மறுநாள் தொடை இரண்டும் கல்லாக இறுகிவிட்டன. சிறுநீர் என்ன நிறம் என்று கேட்டேன். அவர் கண் பக்கத்தில் நின்ற மனைவியிடம் போனது. மனைவியை வெளியே அனுப்பிவிட்டுத் திரும்பக் கேட்டேன்.

"பால் விடாத பிளேன்ரீ மாதிரிப் போகுது மிஸ். மனுசி பயப்படுவா எண்டு சொல்லேல்ல."

அளவுக்கு மீறின உழைப்பில் உடைந்த தசையிலிருந்து கசிவது இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். நேரத்துக்கு வந்தால் சேலைன் ஏற்றிக் கழுவிவிடலாம். யோகநாதன் ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போனார்.

புதுமாப்பிள்ளை

அடுத்து வந்தவர், கலியாணத்துக்கு மூன்று கிழமை இருக்க, ஜிம்முக்குப் போன முதல் நாளே அளவுக்கு மீறிப் பாரம் தூக்கியிருந்தார். கை மடங்கவில்லை. வலிக் குளிசை வேறு விழுங்கியிருந்தார். அது சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. இரத்தப் பரிசோதனை முடிவு மோசம். அவரோ வீட்டுக்குப் போக எழும்பிவிட்டார். என்னோடு வேலை செய்யும் தவமணி கதவடியில் மறித்து நின்றார்.

"பொம்பிளை காத்திருப்பா தம்பி. கிட்னி காத்திராது."

கடற்பாம்பு

குச்சவெளி மீனவர் நசீரை, வலையில் மீன் கழற்றும்போது கடற்பாம்பு கடித்தது. முள்ளுக் குத்தினது போலத்தான் இருந்ததாம். தொடர்ந்து வேலை செய்தார். மத்தியானம், வாய் திறக்க ஏலாத நிலையில் கொண்டுவந்தார்கள். அந்த நஞ்சும் தசையைத்தான் உடைக்கும். சிறுநீர் நின்றது. இரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, திரையில் இதயத் துடிப்பின் கோடு அகன்றுகொண்டே போனது; அப்படியே விட்டால் இதயம் நின்றுவிடும். டொக்டர் ஊசி ஏற்ற, நான் அந்தக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அது பழையபடி ஒடுங்கின பிறகுதான் நசீரின் முகத்தைப் பார்த்தேன்.

பிறகு இரத்தம் சுத்திகரிக்கும் மெசினோடு ஒன்பது நாள். ஒவ்வொரு காலையும் அவர் மனைவி பரீதா வாசலில் நிற்பார். கட்டிலில் தொங்கும் சிறுநீர்ப் பை வெறுமையாக இருக்கும். நான் இல்லையென்று தலையாட்டிவிட்டுப் போவேன். பத்தாம் நாள் பையின் அடியில் கொஞ்சம் கிடந்தது. கூட்டிக்கொண்டுபோய்க் காட்டினேன். கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"புள்ள பொறந்த அண்டைக்குக்கூட நான் இப்பிடிச் சந்தோசப்படல்ல மிஸ்."

வெளியில் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் எங்களில் ஒருவருக்குப் பதவி உயர்வு வந்ததைவிட, கட்டிலில் கிடக்கும் வருத்தக்காரர் ஒருவருக்கு மூத்திரம் வந்ததற்குத்தான் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில் அதிகம் கைதட்டியிருக்கிறோம்.