அந்த டிக் நான் போட்டதுதான்

என் கையெழுத்துக்காக முதலில் மன்னித்துவிடுங்கள். அட்டைப்பெட்டியின் மேல் தடித்த பேனாவால் எண் எழுதிப் பழகிய கை இது. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். ஒற்று விடுபட்டிருக்கும், எழுத்து இடம் மாறியிருக்கும். அதையெல்லாம் நீங்கள் பொறுத்துக்கொள்ளலாம். நான் சொல்ல வந்ததைப் பொறுக்க வேண்டாம்.

நான் செய்த தப்பை என் மகள் மேல் போட்டேன். அவளுடைய ஆசிரியை முன்னால், பத்துப் பேர் பார்க்க, அவளைப் பொய்க்காரி ஆக்கினேன். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

தட்டாஞ்சாவடியில் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் மிஷின் ஓட்டுகிறேன். வீடு ரெட்டியார்பாளையம். மகள் யாழினி லாஸ்பேட்டையில் ஆங்கில வழியில் படித்தாள். மாலையில் நான் வேலை முடிந்து வந்து கைகால் கழுவி உட்கார்ந்ததும், புத்தகத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைப்பாள். ஒரு கேள்வியை விரலால் தொட்டுக் காட்டுவாள். எதிரே நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பதிலை ஒப்பிப்பாள். முடித்ததும் கேட்பாள்:

"சரியாப்பா?"

நான் "சரி" என்பேன். கேள்வியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக் போடுவேன். டிக் விழுந்த பதிலை அவள் மறுபடி தொட மாட்டாள். அடுத்ததற்குப் போய்விடுவாள். அதுதான் அவள் படிக்கும் முறை.

எனக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது.

தெரியும் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை... தெரியாது என்றும் சொன்னதில்லை. ஒன்றாம் வகுப்பில் ஏ, பி, சி ஒப்பித்தபோது ஆரம்பித்த பழக்கம் இது. அது எனக்கும் தெரியும். பிறகு அவள் புத்தகங்கள் தடித்துக்கொண்டே போயின. நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்பீர்கள். மிஷின்காரனுக்குக் காதுதான் கண். சத்தம் சீராக வந்தால் அட்டை சரியாக வருகிறது என்று அர்த்தம். எங்காவது திக்கினால்தான் குனிந்து பார்ப்போம். மகளின் குரலையும் அப்படித்தான் கேட்டேன். திக்கினால், "இன்னொரு வாட்டி சொல்லு பாப்பா" என்பேன். சீராக ஓடினால் டிக். விரலை மட்டும் வரி வரியாக நகர்த்திக்கொண்டிருப்பேன்.

என் வீட்டுக்காரி பள்ளிக்கூடமே போகாதவள். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கிண்டல் செய்வாள்.

"இன்னா வாத்தியாரே, பரிட்சை உனக்கா அவளுக்கா? உனக்குல்ல வேர்த்து ஊத்துது."

இதை வெறும் நடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். நான் மலைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன் என்பதுதான் உண்மை. ஒரு பக்கம் முழுவதும், மூச்சு எடுக்கும் இடம்கூடப் பிசகாமல், அந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும். என் பரம்பரையில் யாரும் பேசாத மொழி. ரத்தம் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறது என்பதை என் வீட்டுக் கூடத்தில் நின்று ஒரு பிள்ளை சொல்கிறது! கோயிலில் தீபாராதனை காட்டும்போது மந்திரத்துக்கு அர்த்தம் தெரிந்தா கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம்? அப்படித்தான் "சரி" என்றேன்.

எட்டாம் வகுப்பில் ஒரு தேர்வு. இதயத்தைப் பற்றிய கேள்விக்கு அவள் வலப்பக்கத்தை இடப்பக்கம் என்றும், இடப்பக்கத்தை வலப்பக்கம் என்றும் மாற்றி எழுதியிருந்தாள். ஐந்து மதிப்பெண் போயிற்று. என்னிடம் ஒப்பித்ததும் அப்படியேதான். துளி திக்கல் இல்லாமல். லெஃப்ட், ரைட்... எனக்குத் தெரிந்த நாலைந்து ஆங்கிலச் சொற்களில் இவை இரண்டு. லாரி பின்னால் வரும்போது நானே நாள் முழுவதும் கத்துகிற சொற்கள். அவளுடைய சத்தத்தைக் கேட்டேனே தவிர, சொல்லைக் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்குப் பின்னால் சட்டைப்பையில் பேனா வைத்த அப்பாக்கள் வரிசையில் நின்றார்கள். யாழினி என் பக்கத்தில். ஆசிரியை நல்ல மாதிரி. புத்தகத்தைத் திறந்து என் பக்கமாகத் திருப்பினார்.

"சார், அப்பா பாத்து டிக் போட்டாரு, தப்பா இருந்தா சொல்லியிருப்பாருன்னு உங்க பொண்ணு அடிச்சு சொல்றா. புக்குல சரியாத்தான இருக்கு? இந்த டிக்கு நீங்க போட்டதா?"

ஒரு சொல் போதும் எனக்கு. 'ஆமாம்.' அதற்கு அடுத்த கேள்வி என்னவாக இருக்கும் என்று நினைத்தேன். 'அப்போ இந்த வரியப் படிங்க சார்...' பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"நான் போடலீங்க," என்றேன். "பாப்பாவே போட்டிருக்கும்."

யாழினி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் விரல்களைப் பார்த்தாள், புத்தகத்தில் வரி வரியாக நகர்ந்த அந்த விரல்களை.

"ஆமா மிஸ்," என்றாள். "நான்தான் போட்டேன்."

"மார்க்கு போனா போவுது யாழினி. அப்பா பேரச் சொல்லிப் பொய் சொல்லலாமா? சாரி சொல்லு."

"சாரிப்பா."

என்னிடம் சொன்னாள். நான் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும்போது வண்டியில் எப்போதும்போல் என் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தக் கை எப்போதும் இருக்கும் இடத்திலேயே இருந்தது. வீடு வரை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேனோ என்னவோ.

மறுநாள் மாலை என் மடியில் புத்தகம் வந்தது. தமிழ்ப் புத்தகம். அதற்கடுத்த நாளும் தமிழ்ப் புத்தகம்தான்.

"இங்கிலீஷு புக்கெல்லாம் அப்பாகிட்ட ஒப்பிக்கலையாடி?" என்று அவள் அம்மா கேட்டாள்.

"அதெல்லாம் ஸ்கூல்லயே ஒப்பிச்சாச்சும்மா."

அவ்வளவுதான். அம்மாவிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலையில் மொட்டை மாடிப் படியில் நின்றபோது உண்மை தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி நடந்தபடி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஒரு பதில் முடிந்ததும் நின்று, புத்தகத்தைத் திறந்து, விரல் வைத்துப் பார்த்தாள். "தப்பு" என்று தனக்குத்தானே உரக்கச் சொன்னாள். கோபமில்லை, அழுகையில்லை. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினாள். மறுபடியும் "தப்பு." மூன்றாவது முறைதான் பென்சிலை எடுத்தாள்.

நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு இன்று நாற்பத்தெட்டு வயது. அந்த ஒரு சொல்லை என்னைப் பார்த்து நான் உரக்கச் சொன்னதில்லை. அவளுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள்? நானாக இருக்குமோ என்று ஒரு கணம் தோன்றியது... அந்த நினைப்பே என்னைச் சுட்டது.

நாலு ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்த அறிவியல் புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது. ஒருநாள் அழிரப்பரோடு எடுத்தேன். அந்த டிக்கையும் அழித்துவிட்டால் அது இன்னொரு பொய்யாகிவிடும் என்று திரும்ப வைத்துவிட்டேன்.

இன்று அவளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு. காலையில் குளித்து வந்து, வழக்கம்போல் புத்தகத்தை என் மடியில் வைத்து, செய்யுளை ஒப்பித்தாள். நான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஓரிடத்திலும் பிசகவில்லை. முடித்ததும் புத்தகத்தைத் தானே எடுத்து மூடினாள்.

"சரியாப்பா" என்று அவள் கேட்டு நாலு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் கேட்கவில்லை.

வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நானாகவே, "சரி பாப்பா. எல்லாம் சரி," என்றேன்.

"ம்," என்றாள். "வரேம்ப்பா."

இப்போது தேர்வு தொடங்கியிருக்கும். அவள் எழுதிக்கொண்டிருப்பாள். நானும் எழுதுகிறேன்.

மாசி 18, செவ்வாய்க்கிழமை.