எடை பார்த்து வாங்கிய ரேஸ் சைக்கிள்

தொண்ணூறுகளின் நடுவில் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் நான் கேஷுவலாக இருந்தேன். கேஷுவல் என்றால், பெர்மனென்ட் ஆள் செய்யும் அதே வேலையை அதே மிஷினில் செய்துவிட்டு, கேன்டீனில் மட்டும் தனி வரிசையில் நிற்பவன். அந்த வரிசையில் மூன்று வருடம் நின்றதில் எனக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

ஒருநாள் நோட்டீஸ் போர்டில் ‘டிரையத்லான்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். எஸ்டேட் கம்பெனிகள் சேர்ந்து நடத்தும் போட்டியாம். பருத்திப்பட்டு ஏரியில் நீந்த வேண்டும். நனைந்த உடம்போடு சைக்கிளில் ஏறிப் பூந்தமல்லி போய்த் திரும்ப வேண்டும். அதற்குப் பிறகும் உயிர் இருந்தால் ஆவடி ஸ்டேஷன் வரை ஓட வேண்டும். மனுஷனை ஒரே காலையில் மூன்று விதமாகக் கொல்வதற்கு யாரோ உட்கார்ந்து நிதானமாக யோசித்திருக்கிறார்கள். நான் சிரித்துவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் பர்சனல் ஆபீசர் கூப்பிட்டு, “முதல் மூணு எடத்துக்குள்ள வந்தா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல உன்ன பெர்மனென்ட் பண்ணிடலாம்” என்றார். சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

நீச்சல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பட்டாபிராமில் தினமும் நகர்ந்துவிட்ட ரயிலைத் துரத்திப் பிடிப்பவனுக்கு ஓட்டத்தைப் பற்றிக் கவலை இல்லை. என்னிடம் இல்லாதது சைக்கிள் மட்டும்.

அம்பத்தூர் சைக்கிள் கடையில் கியர் வைத்த ரேஸ் சைக்கிள் ஒன்றை மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். விலையைக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “யாருக்கு நைனா?” என்றார். எனக்குத்தான் என்றதும் அவர் சொன்ன விலைக்கு, கேஷுவல் ஆள் ஐந்து மாதம் சோறு தண்ணி இல்லாமல் வேலை பார்த்தால் வாங்கலாம். கூட வேலை பார்த்த ஒருவன் செலவில்லாத வழி சொன்னான். சாதா சைக்கிளின் ஹேண்டில்பாரைக் கழற்றித் தலைகீழாக மாட்டினால் அதுவே ரேஸ் சைக்கிளாம். மாட்டிப் பார்த்தேன். வேகம் கூடவில்லை, முதுகு வலி கூடியது.

கடைசியில் சேக்காட்டில் ஒரு வீட்டில் பழைய ரேஸ் சைக்கிள் விலைக்கு இருப்பதாகத் தெரிந்தது. மகன் கணக்கில் பெயில் ஆன குற்றத்துக்காக அப்பா சைக்கிளுக்குத் தண்டனை கொடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டு வைத்திருந்தார். பத்து கியரில் மூன்று வேலை செய்தது. பூந்தமல்லி ரோடு மலைப்பாதையா என்ன, மூன்று போதும்.

துணைக்கு என் மாமாவைக் கூட்டிப் போயிருந்தேன். அக்காவின் கணவர். அவர்கள் வீட்டில்தான் நான் இருந்தேன், பாதிப் பணமும் அவருடையது. மாமா பட்டாபிராமில் கூட்ஸ் ரயில் நிற்கும் சைடிங்கில் மூட்டை தூக்குபவர். உலகத்தில் எந்தப் பொருளையும் அவர் கையில் தூக்கிப் பார்த்துத்தான் மதிப்புப் போடுவார். கனமாக இருந்தால் நல்ல சரக்கு. லேசாக இருந்தால் ஏமாற்று வேலை. அக்காவுக்குப் புடவை எடுக்கப் போனாலும் முதலில் கையில் ஏந்தி எடை பார்ப்பார்.

சைக்கிளை ஒரே விரலில் தூக்கினார். முகம் சுருங்கிவிட்டது.

“இன்னா சார் இது, அப்பளம் மாதிரி கீது? இதுல இரும்பே இல்லியே! இதுக்குப் போய் இவ்ளோ துட்டு கேக்கறீங்க?”

லேசாக இருப்பதற்காகத்தான் சார் ரேஸ் சைக்கிளுக்கு விலை அதிகம் என்று அந்த வீட்டுக்காரர் சொல்லிப் பார்த்தார். சொல்லும்போதே பாதியில் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. மாமா இன்னொரு முறை தூக்கி, இன்னொரு முறை உச்சுக் கொட்டினார். ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் ஐம்பது ரூபாய் இறங்கியது. ஒரு சைக்கிளின் ஒரே நல்ல குணத்தைக் குறையாகக் காட்டி விலையைப் பாதியாக்கிய மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மிச்சமான பணம் மாமாவின் கையை அரித்தது. மறுநாள் நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் சைக்கிளுக்குக் கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, டைனமோ, மணி எல்லாம் மாட்டிவிட்டார். முன்னால் எலுமிச்சம்பழம் தொங்கியது. “இப்பத்தான் மச்சான் சைக்கிளு மாதிரி கீது” என்று தூக்கிப் பார்த்துத் திருப்திப்பட்டார். போட்டிக்கு முதல்நாள் நான் எல்லாவற்றையும் கழற்றியபோது, கோமணத்தோடு கல்யாணத்துக்குப் போகிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

“சரி போ. பூட்டு மட்டுமாவது இருக்கட்டும். ஸ்டாண்டுல இருந்து எத்தினி சைக்கிளு களவு போவுது தெரியுமா?”

சாதாரணப் பூட்டு அந்தப் பிரேமில் உட்காராது. அதனால் இரும்புக் கடையில் ஒரு சங்கிலியும், கோடவுனுக்குப் போடும் பூட்டும் வாங்கி வந்திருந்தார். இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்து எடை பார்த்துப் பொறுக்கியதாம். சாவியை என்னிடம் கொடுத்தார்.

போட்டியன்று காலை ஏரிக்கரையில் சைக்கிள்களை வரிசையாகச் சாய்த்து வைத்தோம். காவலுக்கு இரண்டு வாட்ச்மேன், ஒரு போலீஸ்காரர். எல்லோரும் சைக்கிளை வைத்துவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போனார்கள். நானும் போனேன், பூட்டிவிட்டு. யோசித்துச் செய்யவில்லை. பட்டாபிராம் ஸ்டேஷனில் தினமும் சைக்கிள் வைப்பவர்களைப் பார்த்துப் பழகிய கை, சைக்கிளை விட்டதும் தானாகப் பூட்டிவிட்டது. சாவியை ஒரு நூலில் கோத்து அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டேன். அவ்வளவு புத்திசாலி.

நீச்சலில் இரண்டாவதாகக் கரையேறினேன். ஜுரம் மாதிரி ஒரு சந்தோஷம். கேன்டீனில் அடுத்த வரிசையில் நின்று வடை கேட்கும் காட்சிகூட மனதில் வந்துவிட்டது. சைக்கிளிடம் ஓடிப்போய் இடுப்பைத் தடவினேன். அரைஞாண் கயிறு இருந்தது, நூலும் கொஞ்சம் இருந்தது. சாவி ஏரிக்குள் எங்கோ மீன்களோடு இருந்தது.

ஒவ்வொருவராக வந்தார்கள், ஏறினார்கள், போனார்கள். சங்கிலியைப் பல்லால் கடிக்காததுதான் பாக்கி. கொஞ்ச தூரத்தில் ரோட்டோரம் ஒரு பஞ்சர் கடை இருப்பது ஞாபகம் வந்தது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினேன். ரேஸ் சைக்கிள் லேசாக இருப்பதன் பயன் அன்றுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. வழியில் கூட்டத்தோடு நின்றிருந்த மாமா, என்னைக் கண்டதும் துண்டைச் சுழற்றி, “வுடாத மச்சான்! தூக்கு! தூக்கு!” என்று கத்தினார். நிற்க நேரமில்லை.

பஞ்சர் கடைக்காரர் உளி வைத்து அடித்தார். பூட்டு அசையவில்லை. கடைசியில் சங்கிலியில் ஒரு கண்ணியை உடைத்தார். அதற்குள் முதலில் போனவர் பூந்தமல்லியிலிருந்து திரும்பி வந்து என்னைக் கடந்தார். சங்கிலியைப் பூட்டோடு கழுத்தில் மாட்டிக்கொண்டு மிதித்தேன். நான் ஆவடி ஸ்டேஷனை அடைந்தபோது பரிசு கொடுத்து முடித்து ஷாமியானாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் கம்பெனி கேஷுவல் ஒருவன் மூன்றாவதாக வந்திருந்தான். கேரியர், மட்கார்டு, செயின்கவர் எல்லாம் உள்ள கறுப்பு சைக்கிளில். அடுத்த மாதம் அவன் பெர்மனென்ட் ஆனான். நான் மேலும் நான்கு வருடம் பழைய வரிசையில் நின்றேன்.

அன்று ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, “சாவி ஏரியில வுழுந்துடுச்சி மாமா” என்றேன். பஞ்சர் கடை உளி வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

மாமா சட்டைப் பையில் பீடிக்கட்டுக்கு அடியில் துழாவினார். ஒரு சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“ரெண்டாவது சாவி எங்கிட்டயே கீதே.”

“அப்ப ஏன் மாமா குடுக்கல? சைக்கிள தூக்கிகினு உன் எதுர்லதான ஓடனேன்!”

“நீதான சொன்ன, நீச்சலு, சைக்கிளு, ஓட்டம்னு? சைக்கிளத் தூக்கினு ஓடறதுதான் போட்டினு நெனச்சேன். மத்தவன்லாம் ஏறி மிதிச்சிகினு போனான், திருட்டுப் பசங்க. நீ ஒருத்தன்தான் ஒழுங்கா தூக்கினு போன மச்சான்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. உடைந்த சங்கிலியில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பூட்டைக் கையில் ஏந்தி எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா, உளி வெச்சி அடிச்சும் ஒண்ணும் ஆவல” என்றார். “சரக்குன்னா இது சரக்கு.”