எழுபத்துநான்கு எட்டுகள்

சங்கமித்ராவுக்கு இடது முழங்கால் வலி. பெங்களூர் ஜோகுபாளையத்தின் ஒடுக்கமான மாடிப்படிகளுக்கும் அந்தக் காலுக்கும் ஒத்துப்போவதில்லை. ஆனாலும் ஒன்பது வருடமாக, ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இருநூற்றுப் பத்துப் பேரைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறார். விரலில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சர்க்கரை எவ்வளவு என்று படிவத்தில் எழுதுவது. இதுதான் வேலை. ஆள் பரிசோதனைக்குக் கிடைக்கவில்லையென்றால் அதற்கும் ஒரு எண் உண்டு. ஒன்று, வீடு மாறிவிட்டார். இரண்டு, மறுத்துவிட்டார். மூன்று, இறந்துவிட்டார். இப்படிப் போய், கடைசியில் எட்டு. எட்டு என்றால் காரணம் தெரியாது.

அவர் எழுதியதெல்லாம் டொரான்டோவில் என் கணினிக்கு வந்துசேரும். நான் காக்ஸ் டவுனில் வளர்ந்தவன். டொரான்டோ போய்ப் பதினான்கு வருடமாகிறது. நீண்டகால ஆய்வுகளின் புள்ளிவிவரத்தைச் சரிபார்ப்பது என் பிழைப்பு. ஜோகுபாளையத்தின் வரைபடத்தில் சராசரிச் சர்க்கரை வருடத்துக்கு வருடம் இறங்கிக்கொண்டே வந்தது. பார்க்க அழகான கோடு. எனக்கோ அழகான கோட்டைக் கண்டாலே சந்தேகம் வரும். தோண்டிப் பார்த்தேன். எழுபத்துநான்கு பேர் நடுவழியில் நின்றுபோயிருந்தார்கள். எழுபத்துநான்கு பேருக்கும் எட்டு. மற்ற பேட்டைகளில் எட்டு போட்டது ஐந்தாறு பேருக்குத்தான்.

நோய் முற்றியவர்கள் மட்டும் நின்றுபோனால், மிச்சமிருப்பவர்களின் சராசரி தானாகவே இறங்கும். ஒருவருக்கும் குணமாகியிருக்காது. காகிதத்தில் மட்டும் ஊரே தேறிவிட்டதுபோல் தெரியும். அப்படித்தான் நடந்ததா, இல்லை ஆட்கள் வேலை கிடைத்து எங்காவது போய்விட்டார்களா? அது தெரிய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் விளக்கம் வராவிட்டால் ஜோகுபாளையத்தையே ஆய்விலிருந்து எடுத்துவிடுவதாகத் திட்டத் தலைவர் எழுதிவிட்டார். எடுத்தால் சங்கமித்ராவின் வேலையும் அதோடு போகும். நான் விடுமுறைக்குப் பெங்களூர் வருவதாக இருந்ததால், போய்க் கேட்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவரோடு நடந்தேன். ஒவ்வொரு வாசல் நிலையிலும் எங்கள் ஆய்வின் நீலநிற ஸ்டிக்கர், அதில் ஒரு எண். முக்கில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் கத்தினார்.

“வந்துச்சுப்பா ரத்தக்காட்டேரி! இன்னிக்கி தொணைக்கு ஆளு வேற இட்டுகினு வருது!”

“உனக்கு ஊசி இல்ல முனிராஜ், பயந்து சாவாத. உன்னத்தான் விட்டுட்டனே.”

“அதுக்குத்தான் எங்கக்கா வேணும்கறது. ஒண்ணும் நோண்டாது.”

நான் நோண்டினேன். “ஏன் நிறுத்திட்டீங்க?”

அவர் சிரிப்பு நின்றது. சங்கமித்ராவை ஒருமுறை பார்த்தார். “சும்மாதான் சார். டைமு இல்ல.” துணியை உதறிவிட்டு வண்டியில் ஏறினார். செருப்புக்குள் இருந்த வலது காலில் இரண்டு விரல்கள் இல்லை.

வண்டி திரும்பிப் போனபின் சங்கமித்ரா சொன்னார். “சுகருல வெரலு போச்சுன்னு ஆட்டோ ஓனருக்குத் தெரிஞ்சா நாளைக்கே சாவிய புடுங்கிக்குவான். இத நான் உங்க ஃபாரத்துல எழுதணுமா?”

“பேரு வராதுக்கா. நம்பர்தான்.”

“நம்பரு உங்களுக்கு சார். இங்க நாப்பத்தொண்ணுன்னா முனிராஜ்னு டீக்கடையில சொல்லுவாங்க. கதவு மேல ஒட்டினதே நீங்கதானே?”

ஸ்டிக்கர் ஒட்டச் சொன்ன கூட்டத்தில் நானும் இருந்தேன். அப்போது அது நல்ல யோசனையாகத் தெரிந்தது.

சங்கமித்ரா பேக்கரி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்தார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. “நெஜமாவே தெரியாதா, இல்ல…” என்று இழுத்தேன்.

“எல்லாருதும் தெரியும். சொல்லாதன்னு கேட்டாங்க, சொல்லல. சொல்லியிருந்தா இந்தத் தெருவுல ஒரு கதவு எனக்குத் தொறக்குமா? வேல போனா போவட்டும் சார். முட்டியாவது தப்பிக்கும்.” சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி இருப்பது எனக்குத் தெரியும்.

எனக்கு ஒரு வழிதான் தோன்றியது. “காரணம் வேணாம்க்கா. வராம நின்னப்போ ஆளு ஒடம்பு எப்படி இருந்துச்சு? மோசமா, நல்லாவா? ஒரு டிக் மட்டும் போடுங்க.”

“நான் என்ன டாக்டரா? அது ஊகம்தானே.”

“ஊகம்னே எழுதிடுவோம். ஊகம் தப்பாயிருந்தா கோடு எவ்வளவு மாறும்னும் சேத்துப் போடுவேன்.”

அவர் ஆறிய தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். “பேஜாரு புடிச்ச வேல” என்று கடைசியில் எழுந்தார்.

புதன்கிழமை எங்கள் ரிச்சர்ட்ஸ் டவுன் அலுவலகத்தில் உட்கார்ந்து டிக் போட்டார். சில எண்களில் பேனா ஓடியது. சிலவற்றில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, பிறகு போட்டார். ஐம்பத்தெட்டுப் பேர் மோசம், பதினைந்து பேர் நல்லா. கூட்டிப் பார்த்தேன். ஒன்று குறைந்தது.

“நூத்திப் பதினேழு விட்டுப்போச்சுக்கா.”

“அது எங்க வீடு.”

பேனாவை மூடி வைத்தார். அவராகவே சொன்னார். அவர் கணவர் ரவிக்குமாருக்கு இரண்டாம் வருடம் சர்க்கரை நானூறைத் தாண்டியது. அன்றோடு விரல் நீட்டுவதை நிறுத்திவிட்டார்.

“ஊருக்கெல்லாம் சுகர் பாக்கறவ, புருஷன கவனிக்காம வுட்டுட்டான்னு பேசுவாங்க இல்ல? மொத எட்டு அங்கதான் போட்டேன். அப்பறம் முனிராஜ் வந்து கேட்டான், எதுத்த வீட்டு வள்ளியம்மா கேட்டாங்க. எனக்கு ஒரு நியாயம், அவங்களுக்கு வேறன்னு எப்படி சொல்றது?”

“இப்ப எப்படி இருக்காரு?”

“சாப்புடறாரு, தூங்கறாரு. மெஷின எடுத்தா எழுந்து வெளிய போயிடறாரு. ஏழு வருஷமா ஒரே வீட்டுல இருக்கேன், அவரு ஒடம்புக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. அது ஒண்ணு மட்டும் நெஜமாவே எட்டு சார். மாத்தாதீங்க.”

மாற்றவில்லை. அன்றிரவும் மறுநாளும் கோட்டைத் திரும்பத் திரும்ப வரைந்தேன். அவர் ஊகத்தில் பாதி தப்பென்று வைத்தாலும் கோடு இறங்கவில்லை. முழுதாக நம்பினால் மேலே ஏறியது. “எழுபத்துமூன்று பேருக்குக் களப்பணியாளரின் ஊகம், ஒருவருக்குத் தெரியாது” என்று அடிக்குறிப்பு எழுதி, கதவு ஸ்டிக்கர்களை எடுத்துவிட வேண்டும் என்றும் சேர்த்து அனுப்பினேன். அனுப்பியபின் நாலு முறை திறந்து பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் பதில் வந்தது. ஜோகுபாளையம் இருக்கட்டும், ஸ்டிக்கர்களை எடுத்துவிடலாம், ஆனால் இனிமேல் நின்றுபோகிற ஒவ்வொருவருக்கும் அந்த டிக் வேண்டும். உடனே சங்கமித்ராவைக் கூப்பிட்டுச் சொன்னேன். மூச்சு வாங்கப் பேசினார். எங்கோ படியில் நின்றிருக்க வேண்டும்.

“அப்ப இனிமேலும் ஏறணுமா சார்?”

“ஏறணும்க்கா.”

“சரி” என்றார். “ஸ்டிக்கர கிழிக்க ஆளு அனுப்புங்க. அதையும் என்னால வீடு வீடா நின்னு பண்ண முடியாது.”