தலைவர் தோட்டத்தில் மட்டும் சோளம்

எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் ஊரையே ஏமாற்றினார்.

திண்டுக்கல்லுக்குக் கிழக்கே என் தோட்டம். ஒரு வருஷம் சோளம், மறுவருஷம் புகையிலை என்று விதைத்து வந்தேன். சோளம் அறுத்ததும் ஆடு மேய்க்கும் கீதாரி வந்து, மிஞ்சி நிற்கும் சோளத்தாளில் மந்தையை மேயவிட்டு, இரவில் அங்கேயே அடைத்துக் கிடை போடுவார். அந்த எருவில்தான் அடுத்த புகையிலை தடித்து வரும்.

தலைவர் கூட்டம் போட்டார். "சோளத்துல என்னய்யா லாபம்? வருஷா வருஷம் பொயலையே போடுங்க" என்றார். கைதட்டிவிட்டு வந்து, அப்படியே செய்தோம்.

மூன்றாம் வருஷம் இலை காகிதமாக மெலிந்தது. மண்டிக்காரர் தொட்டுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார். கிடை கேட்டுக் கீதாரியிடம் ஓடினேன்.

"உங்க தோட்டத்துல மேய என்னப்பு இருக்கு? எங்க ஆட்டுக்குப் பொயலை போடுற பழக்கமில்ல" என்று சிரித்தார்.

"பெறகு மந்தைய எங்க போட்டிருக்கீரு?"

"தலைவர் தோட்டத்துலதான். அவரு ஒருத்தருதான சோளம் வெதச்சிருக்காரு!"

போய்ப் பார்த்தேன். எங்கள் எல்லோருக்கும் வரவேண்டிய கிடை அவர் மண்ணில் கிடந்தது.

இப்போதெல்லாம் யார் லாபம் சொன்னாலும், அவர் நிலத்தில் என்ன நிற்கிறது என்று பார்த்த பிறகே காது கொடுக்கிறேன்.

தலைவரே, கூட்டத்தில்தானே சொன்னீர்கள்? அதே கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்: நீங்கள் மட்டும் ஏன் சோளம் விதைத்தீர்கள்?