ஆந்தைக்கு முதுகைக் காட்டி

செல்வமேரி அக்காவுக்கு வேலை ஈஞ்சம்பாக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு பங்களாத் தோட்டத்தில். வீடு தாம்பரத்துக்கு வெளியே, கைவிட்ட கல்குவாரிக்குக் கீழே. அதே தெருவில்தான் நான் ஒரு மாடியறையில் குடியிருக்கிறேன். தோட்டத்துப் புல்தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிட்டால், சுற்றி நான்கு செங்கல் வைத்துவிடுவார். புல்வெட்டும் மெஷின் அந்தப் பக்கமே போகாது. காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பும்முன் குவாரிப் பாறையை ஒருமுறை அண்ணாந்து பார்ப்பார். பாறை இடுக்கில் கொம்பன் ஆந்தை இரண்டு குஞ்சு பொரித்திருந்தது. எனக்குக் காட்டும்போதே, “யாராண்டயும் சொல்லாத” என்றிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். அதுவும் விலங்கியல். சும்மா இருக்க முடியவில்லை. அறிவியல் பெயர் சேர்த்து, இடத்தையும் குறித்து, ஆந்தையின் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அக்கா என் கதவை உடைக்காத குறை.

“இன்னா தினா, ஊருக்கே பத்திரிகை வெச்சிட்டியா? ஓடியா!”

குவாரி விளிம்பில் ஐந்து பேர், நீள லென்ஸ்களோடு. பாறையை ஒட்டி ஒரு ட்ரோன் இரைந்துகொண்டிருந்தது. மிரண்டு பறந்த தாய் ஆந்தை, மேலே ஒற்றைப் பனையில் ஒடுங்கிக் கிடக்க, காகக் கூட்டம் அதை மாறி மாறிக் கொத்தியது. இடுக்கில் குஞ்சுகள் தனியே. அவற்றுக்கு மேல் ஒரு பருந்து. ஒவ்வொரு வட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது.

“உங்க போஸ்ட் பாத்துதான் ப்ரோ வந்தோம்,” என்று என்னிடம் சிரித்தான் ட்ரோன்காரன் டெனிஸ்.

“மேல ஏர்போர்ஸ் ப்ளேன் போற வழி,” என்றார் அக்கா. “அவங்க பாத்தா மொதல்ல உன் ட்ரோன் போவும், அப்பால நீ போவ. எறக்கு.”

இறக்கினான். ஆந்தை அசையவில்லை.

“நாம போயிடலாமாக்கா?” என்றேன்.

“போனா பருந்து எறங்கிடும். பாத்துகினே நின்னா தாய் வராது. தோட்டத்துல ஆள்காட்டியும் இப்பிடித்தான். நான் அந்தாண்ட திரும்பிக் களை புடுங்குனாதான் முட்டை மேல வந்து குந்தும். எல்லாரும் திரும்புங்க.”

“திரும்பினா எப்படி ஷாட் எடுக்கிறது?” என்றார் ஒரு லென்ஸ்காரர்.

“எடுக்க வேணாம்னுதான் சொல்றேன். இத்தினி ஆம்பளைங்க கீறீங்க, ஒருத்தனுக்கும் முதுகு இல்லியா?”

திரும்பினோம். பின்னால் காகங்களின் கூச்சல் மட்டும். பருந்தின் நிழல் எங்கள் காலடி மண்ணில் வழுக்கிப் போனது. டெனிஸ் கழுத்தைத் திருப்பப் பார்த்தான்.

“டேய்,” என்றார் அக்கா, மெதுவாக.

தெருமுனையில் அவருடைய பஸ் வந்து, நின்று, போகும் சத்தம் கேட்டது. அவர் அசையவில்லை. நிழல் மறுபடி வந்தது, இந்த முறை பெரிதாக.

திடீரென்று காகக் கூச்சல் பனையிலிருந்து பாறைப் பக்கம் நகர்ந்தது. பிறகு காகங்கள் ஒவ்வொன்றாக அடங்கின.

“தினா, செல்பி கேமராவப் போட்டுத் தூக்கிப் புடி. போட்டோ எடுத்தே, கைய ஒடிச்சிடுவேன்.”

திரையில் என் தோளுக்கு மேலே பாறை இடுக்கு. பருந்தைக் காணோம். சிறகை விரித்து உட்கார்ந்திருந்தது தாய். அடியில் ஒரு வெள்ளைத் தலை. ஒன்றுதான். அக்கா மூச்சை விடாமல் பார்த்தார். வெகுநேரம் கழித்து, சிறகோரத்தில் இன்னொன்று எட்டிப் பார்த்தது.

“ரெண்டு,” என்றார். “இப்ப நீ இன்ஸ்டால போட்டத அழி. என் கண்ணு முன்னால.”

அழித்தேன். டெனிஸ் ட்ரோனைப் பெட்டிக்குள் வைத்தான். அக்கா சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாறைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், அடுத்த பஸ்ஸுக்கு ஓடினார்.